சேலம் ஸ்ரீ டி. ஆர். சுந்தரம் அவர்களும் யுத்தகாலப் படங்களும்

நமது கள்ளக்குறிச்சியினின்று கல்வராயன் மலையை வலப்புறமாகக் கண்டு ஆத்தூர் வழியே மேற்கே செல்வோர் சேலத்தை அடைவர். அந்நகரின்கண், ஏற்காட்டு மலையடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படக்கலைக்கூடத்தை நிறுவிய ஸ்ரீ டி. ஆர். சுந்தரம் அவர்களின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

1907-ஆம் ஆண்டில் பிறந்த இவர் திருச்செங்கோட்டு நூல் வணிகக் குடும்பத்தினர். இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று மீண்டார். தமிழ்ப் படம் எடுப்போர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சென்ற அக்காலத்தில், சொந்த ஜில்லாவிலேயே கலைக்கூடம் அமைத்தமை இவரது துணிவுக்குச் சான்றாம். 1938-இல் வெளிவந்த முதல் மலையாளப் பேசும்படமாகிய பாலன் இவரது தயாரிப்பே.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டபின், 1940-இல் சர்க்கார் பாதுகாப்புக் கடன் பத்திரங்களை வெளியிட்டனர். தபாலாபீசுகளிலும் சேமிப்புப் பத்திரங்கள் விற்கப்பட்டன. இவற்றை வாங்கும்படி ஜனங்களைத் தூண்டவும், யுத்தச் செய்திகளைப் பரப்பவும் குறும்படங்கள் தோன்றின. 1943 முதல், சர்க்கார் அங்கீகரித்த 2,000 அடிப் படத்தை ஒவ்வொரு கொட்டகையும் காட்டியே தீரவேண்டும் என்று சட்டமாயிற்று. அஃது ஏறக்குறைய இருபது நிமிஷக் காட்சியாம். கச்சாப் பிலிமோ சர்க்கார் வசம். கதைப்படங்கள் 11,000 அடிக்குள் அடங்க வேண்டியதாயிற்று. யுத்தத்திற்கு ஆதரவான கதைப்படம் எடுக்குமாறும் முதலாளிகள் நெருக்கப்பட்டனர்.

இந்நிலையில் சுந்தரம் அவர்கள் 1945-இல் பர்மா ராணி என்னும் படத்தை எடுத்தார். ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் சிக்குண்ட இந்திய விமானிகளின் கதை அது. வெறுக்கத்தக்க ஜப்பானிய அதிகாரி வேடத்தைப் பிறர்மேற் சுமத்தாது தாமே ஏற்று நடித்தார்.

தலைவர்கள் சிறையிலிருக்க, அந்நியச் சர்க்காரின் யுத்தத்திற்குப் படம் எடுத்தல் தகுமோ என நம் இளைஞர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், பிலிம் கிடையாதாயின் கலைக்கூடம் மூடப்படும்; அதனை நம்பிய தொழிலாளர் குடும்பங்கள் தவிக்கும். 1942-இல் பர்மாவினின்று கால்நடையாய்த் திரும்பிய தமிழரின் துயரமும் மெய்யானதே. பத்திரம் வாங்குக என்று உபதேசிக்கும் படத்தை ஜனங்கள் கட்டாயத்தாற் கண்டனர். கதையையோ விரும்பிக் கண்டனர். இவ்வேற்றுமையை அறிந்து, கட்டளையையும் கதையாக்கியதே இவரது திறம் என்று நாம் கருதுகின்றோம்.

பின்னர் 1956-இல், தமிழின் முதல் முழுநீள வர்ணப்படமாகிய அலிபாபாவும் 40 திருடர்களும் இவரால் வெளிவந்தது. 1963-இல் இவர் காலமானார். காலம் சுமத்திய பாரத்தைத் தாங்கியும் தொழிலைக் கைவிடாத இவரது உறுதியை நம் குடும்பத்துப் பிள்ளைகள் கைக்கொள்வாராக.