கயிறு இல்லாமல் மணி அடித்தவர்!

கொற்கையில் ஒரு வீடு. இரவு 8 மணி. இணையத்தில் வரும் படத்தைப் பார்க்கக் குடும்பமே டெலிவிஷன் முன் உட்கார்ந்து விட்டது.

ஆனால் ரிமோட்டைக் காணோம்!

பாயை உதறினார்கள். தலையணையைப் புரட்டினார்கள். கடைசியில் கிடைத்தது, தண்ணீர் வாளிக்குள்! இனி வேறு ரிமோட் வாங்க வேண்டியதுதான்.

எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது இது. கைக்குள் அடங்கும் அந்தச் சிறு பொருளில் ஒரு பெரிய வித்தை இருக்கிறது. எட்டாத பொருளைத் தொடாமலே ஆட்டி வைக்கும் வித்தை அது.

அந்த வித்தையை இந்தியாவில் ஊரறியச் செய்து காட்டியவர், ஜகதீச சந்திர போஸ்.

முத்துக் குளித்தவரின் கயிறு

கொற்கை, பாண்டியர்களின் பழைய துறைமுகம். முத்துக்குப் பேர் போன ஊர். கடல் இப்போது சில மைல் விலகிப் போய் விட்டது.

இந்தக் கடற்கரையில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றை நம்பிக் கடலில் இறங்கினார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால், மேலே இருப்பவர் இழுத்து விடுவார்.

தூரத்தில் இருப்பவருக்கு உத்தரவு கொடுக்கக் கயிறு வேண்டும். கயிறு இல்லாமல் உத்தரவு போகுமா?

போகும் என்று காட்டினார் போஸ்.

மீனவர் மகனோடு படித்தவர்

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி வங்காளத்தில் பிறந்தார். தகப்பனார் பகவான் சந்திர போஸ், டெப்டி மாஜிஸ்திரேட்.

அந்தக் காலத்தில் உத்தியோகஸ்தர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவார்கள். ஆனால் பகவான் சந்திரர் தன் மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். சிறுவன் ஜகதீசனுக்கு ஒரு பக்கம் ஏவலாளின் மகன். மறு பக்கம் மீனவரின் மகன். அவர்கள் சொன்ன பறவைக் கதையையும் மீன் கதையையும் கேட்டு அவன் வளர்ந்தான்.

1880-ல் வைத்தியம் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் அவரை விடவில்லை. அந்தப் படிப்பை விட்டு விட்டு, கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார்.

மூன்று வருஷம் சம்பளம் இல்லை

1885-ல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார்.

வெள்ளைக்காரர் வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்குச் சம்பளம். வேலை தற்காலிகம் என்று சொல்லி, அதிலும் பாதியாகக் குறைத்தார்கள்.

போஸ் சண்டை போடவில்லை. வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் தொடவில்லை! மூன்று வருஷம் இப்படியே பாடம் நடத்தினார்.

அப்போது வீட்டில் கஷ்டம். தகப்பனாருக்குக் கடன். 1887-ல் கல்யாணமும் ஆயிற்று. மனைவி அபலா, சென்னையில் வைத்தியம் படித்தவர். உடல்நலம் கெட்டதால் படிப்பைப் பாதியில் விட்டவர். கணவரின் வைராக்கியத்துக்கு அவர் துணை நின்றார்.

கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பழைய பாக்கியோடு கிடைத்தது. தகப்பனாரின் கடன் தீர்ந்தது.

வெடித்தது மருந்து!

கல்லூரியில் ஆராய்ச்சிக் கூடம் கிடையாது. குளியலறையை ஒட்டிய ஒரு சிறு அறைதான் இருந்தது. உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரை வைத்துக் கொண்டு, தேவையான கருவிகளைத் தாமே செய்தார்.

கண்ணுக்குத் தெரியாத வானொலி அலைகளை ஆராய்ந்தார். அலையை வாங்க அப்போது இரும்புத் தூள் அடைத்த குழாயை உபயோகித்தார்கள். ஒரு முறை அலை பட்டதும் தூள் ஒட்டிக் கொள்ளும். அதைத் தட்டி உதற வேண்டும். போஸ் தூளை எடுத்து விட்டுச் சின்னஞ்சிறு எஃகுச் சுருள்களை வைத்தார். கருவி நன்றாக வேலை செய்தது.

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜனங்கள் கூடினார்கள். போஸ் ஒரு இடத்திலிருந்து அலையை அனுப்பினார். அது கவர்னரின் உடலைக் கடந்தது. சுவரையும் கடந்தது. அப்பால் இருந்த மணி அடித்தது! வெடி மருந்து வெடித்தது!

நடுவில் கயிறு இல்லை. கம்பியும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்துத்தான், 1898-ல், டெஸ்லா நியூயார்க்கில் ஆளில்லாப் படகைத் தூரத்திலிருந்து ஓட்டிக் காட்டினார்.

பணம் வேண்டாம்

1901-ல் ஒரு தந்திக் கம்பெனிக்காரர் போஸைத் தேடி வந்தார். கண்டுபிடிப்பைப் பதிவு செய்தால் இலாபத்தில் பங்கு என்றார். அறிவு எல்லோருக்கும் பொது என்று நினைத்த போஸ் மறுத்து விட்டார். பிறகு நண்பர்களின் வற்புறுத்தலால் அமெரிக்காவில் மனுப் போட்டார். 1904-ல் உரிமை கிடைத்தது. அதை வைத்தும் அவர் பணம் தேடவில்லை. காலாவதியாக விட்டு விட்டார்.

மார்க்கோனி 1909-ல் நோபல் பரிசு பெற்றார். போஸுக்கு அது கிடைக்கவில்லை. அவர் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராயப் போய் விட்டார். 1917-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சிக் கழகம் கண்டார். 1937 நவம்பர் 23-ந்தேதி காலமானார். கம்பியில்லா அலைகளில் அவர் செய்த சாதனைக்கு, உலக மின் பொறியாளர் சங்கம் 2012-ல் கல்கத்தாவில் நினைவுப் பலகை வைத்தது.

எந்த ரிமோட்?

அலையை அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் பொருந்த வேண்டும். போஸ் அறையில் இருந்த அதே விதிதான் இன்றைய ரிமோட்டுக்கும்!

சாதாரண டெலிவிஷன் ரிமோட் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்புகிறது. குறுக்கே ஆள் நின்றாலே தடைப்படும். இணையப் படம் காட்டும் சிறு பெட்டிகள் பலவற்றின் ரிமோட், போஸ் ஆராய்ந்தது போன்ற வானொலி அலையை அனுப்புகிறது. ஆள் மறைத்தாலும் வேலை செய்யும்.

ஆகவே, கடைக்குப் போகுமுன் பெட்டியின் மாடல் எண்ணைக் குறித்துக் கொள்ள வேண்டும். வானொலி அலை ரிமோட் என்றால், வாங்கியதும் பெட்டியின் பக்கத்தில் வைத்து, இணைப்புப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அதுவரை கைபேசியையே ரிமோட் ஆக்கலாம். பல கம்பெனிகள் அதற்கான செயலியை இலவசமாகத் தருகின்றன. பெட்டியும் கைபேசியும் ஒரே வைபையில் இருந்தால் போதும்.

கொற்கை வீட்டுக்குப் புது ரிமோட் வந்து விட்டது. பாட்டி பொத்தானை அழுத்துகிறாள். படம் ஓடுகிறது!