உப்பின் மறைபொருள் கண்ட அர்ஹீனியஸ்

சுவீடன் நாட்டில், உப்சாலா நகருக்கு அருகிலுள்ள வீக் என்னும் பண்ணையில் 1859-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் சுவாந்தே அர்ஹீனியஸ் பிறந்தார். தந்தையார் நில அளவையாளர். பண்ணையை மேற்பார்வையிடும் பொறுப்பும் அவருடையதே. எவரும் கற்பிக்காமலேயே மூன்று வயதில் வாசிக்கத் தொடங்கிய அச்சிறுவன், தந்தையாரின் கணக்கேட்டைப் பார்த்துப் பார்த்தே கூட்டலும் கற்றுக்கொண்டான் என்பர்.

உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1881-இல் ஸ்டாக்ஹோம் சென்று எட்லண்டு என்னும் பேராசிரியரிடம் ஆய்வு செய்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. உலர்ந்த உப்பில் மின்சாரம் பாய்வதில்லை. தூய நீரிலும் பாய்வதில்லை என்றே சொல்லலாம். உப்பை நீரில் கரைத்துவிட்டாலோ நன்றாகப் பாய்கிறது. இத்தகைய பொருள்களையே மின்பகுளிகள் என்கிறோம். அவை ஏன் அவ்வாறு நடக்கின்றன?

கரைந்த உப்பு, மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிந்து நிற்கிறது என்பதே அவர் கண்ட விடை. அத்துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். மின்சாரம் செலுத்தினால்தான் அயனிகள் தோன்றும் என்று அக்காலத்தார் எண்ணியிருந்தனர். செலுத்தாதபோதும் அவை நீரில் உள்ளன என்றார் இவர். சோடியம் நீரில் பட்டால் சீறி எரியும், குளோரின் நச்சுவாயு. இவ்விரண்டும் நாம் உண்ணும் உப்புநீரில் தனித்தனியே உலவுகின்றன என்றால் யார் நம்புவார்? மின்னூட்டம் ஏறியதும் பொருளின் குணமே மாறிவிடுகிறது என்பதைப் பலரால் ஏற்க இயலவில்லை.

1884-இல் தம் ஆய்வேட்டை உப்சாலாவில் அளித்தார். கிடைத்தது நான்காம் தரம். வாய்மொழித் தேர்வில் மூன்றாம் தரம். அந்த மதிப்பெண்ணோடு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி பெறுவது அரிது. இளைஞர் சோர்ந்திருக்கலாம், ஆனால் ஏட்டின் படிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். ரீகாவிலிருந்த ஆஸ்ட்வால்டு, அதைப் படித்துவிட்டு அவ்வாண்டே உப்சாலாவுக்கு நேரில் வந்து, தம்மிடம் பணியாற்றுமாறு அழைத்தார். உள்ளூரில் மதிக்கப்படாதவரைத் தேடிக் கடல் கடந்து ஒரு பேராசிரியர் வந்தது பலரையும் வியக்க வைத்திருக்கும். தந்தையார் நோயுற்றிருந்ததால் அர்ஹீனியஸ் உடனே புறப்படவில்லை. மறு ஆண்டு தந்தையார் காலமானார்.

1887-இல் அவர் கொள்கை முழுவடிவம் பெற்றது. 1903-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் சுவீடன் நாட்டவர் அவரே. 1927-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவருடைய கொள்கையைப் பின்வந்தோர் சில இடங்களில் திருத்தினர், அடிப்படை நிலைத்துவிட்டது.

நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நம் இரத்தமும் ஓர் உப்புநீரே. வெயிலில் உழைப்போர் வியர்வையின் கரிப்பை அறிவர். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், இரத்தம் எடுத்துச் சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகியவற்றை அளப்பதுண்டு. குறிப்பிட்ட அயனியை மட்டும் உணரும் மின்முனைகள் அவற்றின் அளவைக் காட்டுகின்றன. ஒரு லிட்டருக்குச் சோடியம் சுமார் 135 முதல் 145 மில்லிமோலும், பொட்டாசியம் 3.5 முதல் 5 மில்லிமோலும் இருத்தல் வேண்டும். பொட்டாசியம் மிக ஏறினாலும் மிக இறங்கினாலும் இதயத்துடிப்பு தடுமாறும். இரத்த அணுக்களின் உள்ளே பொட்டாசியம் மிகுதி. எடுத்த இரத்தத்தைக் குலுக்கினால் அணுக்கள் உடைந்து அது வெளியே கசியும், அளவும் பொய்யாக உயரும். ஆய்வுக்கூடத்தார் சில வேளைகளில் இரண்டாம் முறை இரத்தம் கேட்பது இதனாலும்தான்.