நம் கல்லூரி ஈன்ற நன்முத்து: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்தவர்கள் என்று பட்டியல் போட்டால் அது நீளமாகப் போகும். தியாகி சத்தியமூர்த்தி போன்ற பெரியவர்கள் அதில் இருக்கிறார்கள். ஆனால் இந்த மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டவுடன் எனக்கு முதலில் நினைவு வந்த பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான். காரணம் இருக்கிறது. நான் இந்தக் கல்லூரியில் அறிவியல் படித்துவிட்டு, பிறகு நர்ஸிங் பயிற்சிக்குப் போனவள். ஆஸ்பத்திரி வாசலைப் படிப்பால் தொட்ட நம்ம ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் முதல் காலடி அவருடையது.

பிறப்பும் வீடும்

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். தகப்பனார் நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரி என்று அப்போது அழைக்கப்பட்ட நம் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தேவதாசி மரபில் வந்த ஒரு பெண்ணோடு வாழ்க்கை நடத்தியதற்காக அய்யரை அவருடைய சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஆக, படித்த வீடு, மரியாதையான பதவி எல்லாம் இருந்தும் ஊருக்குள் ஒரு முணுமுணுப்பு அந்தக் குழந்தைகளைச் சுற்றி எப்போதும் இருந்துகொண்டே இருந்தது.

அந்தக் காலத்துல பெண் குழந்தைக்கு நாலு எழுத்து தெரிந்தால் போதும், பால் கணக்கு எழுதினால் போதும் என்பதுதான் வழக்கம். தகப்பனார் அதோடு நிறுத்தவில்லை. ஆண் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கே மகளை அனுப்பினார். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-இல் தனித்தேர்வராக எழுதி மெட்ரிகுலேஷன் தேறினார். வயது 16. தாயாருக்கோ கல்யாணக் கவலை. அது தாய்மாருக்கு உரிய கவலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மகளின் மனசு மேல்படிப்பில் இருந்தது.

கல்லூரிக் கதவு திறந்த கதை

இனிமேல் வருவதுதான் நம் கல்லூரிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி.

மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டார். அதுவரை ஒரு பெண்கூட அங்கே படித்ததில்லை. கல்லூரி நிர்வாகம் தயங்கியது. பெண் ஒருத்தி வகுப்பில் உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் சிலர் மறுப்புச் சொன்னார்கள். அதுவும் இந்தப் பெண்ணின் தாயார் வழியைச் சொல்லியும் ஆட்சேபம் எழுந்தது. தகப்பனார் தலைமை வகித்த கல்லூரியிலேயே மகளுக்கு இடம் இல்லை என்கிற நிலைமை! நினைச்சுப் பாருங்கள்.

விஷயம் மன்னர் வரை போனது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆட்சேபங்களை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார். உபகாரச் சம்பளமும் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் பின்னால் வந்த சரித்திரம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அனுமதி கிடைத்தது என்றவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. மூடிய வண்டியில்தான் கல்லூரிக்கு வந்து போவார். வகுப்பறையில் அவருக்கும் பையன்களுக்கும் நடுவில் திரை. வாத்தியார் முகம் தெரியும், மாணவர்கள் முகம் தெரியாது. அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தே இன்டர்மீடியட்டுக்குச் சமமான எஃப்.ஏ. பரீட்சையில் தேறினார். இன்றைக்கு நம் கல்லூரி வராந்தாவில் பெண் பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் திரைச்சீலைதான் ஞாபகத்துக்கு வரும்.

சென்னை மருத்துவக் கல்லூரி

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். அவர்தான் இந்தியாவின் முதல் பெண் டாக்டர் என்று மேடையில் பலர் பேசிவிடுகிறோம். அது சரியில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1886-இல், அதாவது முத்துலட்சுமி பிறந்த அதே வருடம், ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவிலும் காதம்பினி கங்கூலி கல்கத்தாவிலும் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார்கள். ஆகவே முத்துலட்சுமி முதல்வர் அல்ல, முன்னோடிகளில் ஒருவர். இதனால் அவர் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறையாது. பொய்ப் பெருமை சேர்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அந்தக் காலத்தில் பெண் டாக்டருக்கு ஏன் அவ்வளவு தேவை? ஆண் வைத்தியர் தொட்டுப் பார்க்கக்கூடாது என்பதால் வீட்டுக்குள்ளேயே செத்துப்போன பெண்கள் எத்தனையோ பேர். பிரசவம் என்றால் அனுபவப்பட்ட கிழவியின் கையும் கடவுள் துணையும்தான். கோஷாப் பெண்களுக்கென்று சென்னையில் 1885-இல் தனி ஆஸ்பத்திரி வந்ததே இதனால்தான். ஆஸ்பத்திரி கட்டினால் போதுமா? அங்கே வேலை பார்க்கப் படித்த பெண்கள் வேண்டாமா? அந்த இடைவெளியில்தான் முத்துலட்சுமி போன்றவர்கள் வந்து நின்றார்கள்.

ஐந்து வருடம். பிணத்தை அறுத்துப் படிக்கிற கூடம், வார்டு, பரீட்சை, இடையிடையே உடம்புக்கு முடியாமை. எல்லாம் தாண்டி 1912-இல் தங்கப் பதக்கங்களும் பரிசுகளும் பெற்று எம்.பி.சி.எம். பட்டத்தோடு வெளியே வந்தார். படிக்கிற நாளிலேயே சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட் ஆகியோரின் தொடர்பு ஏற்பட்டது. நோயாளியின் கட்டிலுக்கு வெளியேயும் ஒரு வேலை காத்திருக்கிறது என்ற எண்ணம் அப்போதே விழுந்திருக்க வேண்டும்.

முதல் வேலை

பட்டம் வாங்குவது பாதி. வேலையில் காலூன்றுவது மீதி. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முத்துலட்சுமிக்கு எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் பணி கிடைத்தது. 1844-இல் தொடங்கிய பழைய ஆஸ்பத்திரி அது. அந்தப் பணியில் அமர்ந்த முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். இரவும் பகலும் பிரசவ வார்டில் நின்றால் என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கல்யாணம் ஆன சிறுமிகள் பிள்ளை பெற வந்து நின்ற காலம் அது. பின்னால் சட்டசபையில் பெண்ணின் திருமண வயதை உயர்த்தச் சொல்லி அவர் வாதாடியது சும்மா புத்தகம் படித்து வந்ததல்ல என்பது என் கருத்து.

என் கதையைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வார்த்தை. நான் நர்ஸிங் பயிற்சிக்குப் போகிறேன் என்றபோது, ராத்திரி டூட்டி பார்க்கிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று எங்கள் கிராமத்தில் கேட்டார்கள். பயிற்சி முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் கார்டு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். நடுவில் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மாட்டேன் என்றார்கள். அழுதுகொண்டே டூட்டி பார்த்த நாள்கள் உண்டு. பிறகு அரசாங்க உத்தரவு வந்தது, பிழைத்தேன். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு கழித்து எனக்கே இவ்வளவு என்றால், 1912-இல் அந்த அம்மாவுக்கு எவ்வளவு இருந்திருக்கும்!

இல்லறமும் இங்கிலாந்தும்

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1872-ஆம் வருடச் சட்டப்படி நடந்த திருமணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்கும் விருப்பத்துக்கும் குறுக்கே நிற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டு, அதற்கு அவர் சம்மதித்த பிறகே கழுத்தை நீட்டினார். சுந்தர ரெட்டி கடைசி வரை வாக்குத் தவறவில்லை. இரண்டு பிள்ளைகள்.

1925-இல் அரசு உதவித்தொகையில் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். லண்டன் செல்ஸீ பெண்கள் மருத்துவமனையில் பெண்கள், குழந்தைகள் நோய் பற்றி 11 மாதம் பயிற்சி. 1926-இல் பாரிஸில் நடந்த அகில உலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

சட்டசபையில்

திரும்பி வந்ததும் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர். 1927-இல் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிராக்டிஸ் கெட்டுப்போகுமே என்று முதலில் தயங்கினாராம். ஆனால் போன பிறகு சும்மா உட்காரவில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிச் சிகிச்சை வசதி என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்.

எல்லாவற்றிலும் பெரிய போராட்டம் தேவதாசி முறை ஒழிப்பு. 1929-இல் வந்த சட்டத் திருத்தத்தால், கோயிலில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டு அறுந்து நிலம் அந்தப் பெண்களுக்கே உரிமையானது. 1930-இல் பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதா கொண்டுவந்தார். இதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் நம் சத்தியமூர்த்தி! திருமயத்தில் பிறந்து நம் கல்லூரியில் படித்தவர். ஒரே கல்லூரியின் இரண்டு பழைய மாணவர்கள் எதிரெதிர் பக்கம் நின்ற காட்சி அது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிப் பெண்களும் தங்கள் கலையும் பிழைப்பும் போய்விடும் என்று மறுப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கவலையையும் தள்ளிவிட முடியாது. ஆனால் தாயாரின் வாழ்க்கையைப் பார்த்து வளர்ந்த மகளுக்கு அது வெறும் வாதப் பொருளாக இல்லை. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் தூக்கி எறிந்தார். சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் பேசினால் ஆச்சா? விடுபட்டு வந்த பெண்கள் எங்கே போவார்கள்? அடைக்கலம் கேட்டு வந்த சிறுமிகளை விடுதிகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கியபோது தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லம் ஆனது. அங்கே படித்த பெண்கள் நர்ஸாக, டீச்சராகச் சொந்தக் காலில் நின்றார்கள்.

தங்கைக்காக ஓர் ஆஸ்பத்திரி

1923-இல் தங்கை சுந்தரம்மாள் புற்றுநோயால் துடித்துச் செத்ததை டாக்டரான அக்கா பக்கத்தில் இருந்து பார்த்தார். படித்த படிப்பு அத்தனையும் கைகொடுக்கவில்லை. அந்த வலி 30 வருடம் அவருக்குள் இருந்தது. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி எதற்கு, நோயாளி எப்படியும் சாகத்தானே போகிறார் என்று கேட்டவர்கள் உண்டு. அவர் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் நேருஜி அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அப்போது அவருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை நாடறிய வளர்த்தார்கள்.

1956-இல் பத்ம பூஷண். 1968 ஜூலை 22-இல், 82-ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், காலமானார். ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது.

நமக்கு ஒரு வேண்டுகோள்

1912-இல் பட்டம் வாங்கிய அந்தப் பெண்ணின் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி வர 2017 வரை ஆனது. வந்ததே சந்தோஷம். ஆனால் இன்றும் ஆலங்குடி, திருமயம், கந்தர்வகோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண் பிள்ளைக்கு விடுதிக் கட்டணமும் யூனிபாரமும் பஸ் செலவும் பெரிய சுமைதான். சீட் கிடைத்தும் சேராமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முத்துலட்சுமிக்குத் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. அதோடு ஓர் அனுமதிக் கையெழுத்தும் ஓர் உபகாரச் சம்பளமும் கிடைத்தன. திறமையும் உழைப்பும் பிள்ளைகளிடம் இன்றும் இருக்கின்றன. மற்ற இரண்டையும் தருவதற்கு இப்போது மன்னர் இல்லை, 1948-லேயே சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்துவிட்டது. அந்தப் பொறுப்பை நம் சங்கம் எடுத்துக்கொள்ளலாமே! மருத்துவமோ நர்ஸிங்கோ படிக்கப் போகும் ஏழைப் பெண் ஒருத்திக்கு வருடாவருடம் அவர் பெயரில் ஓர் உதவித்தொகை கொடுப்பது நூற்றுக்கணக்கான பழைய மாணவர்களுக்குப் பெரிய காரியமல்ல. என் பங்குத் தொகையைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் இந்தக் கட்டுரையை அனுப்புகிறேன். மற்றவர்களும் மனம் வைக்க வேண்டும்.

வாழ்க டாக்டர் அம்மா புகழ்! வளர்க நம் மன்னர் கல்லூரி!