சொக்கோட்டோவின் கல்விச்சுடர் நானா அஸ்மாவு

மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய நைஜீரியாவின் வடபுலத்தில் ஹவுசா, ஃபுலானி ஆகிய இரு பெரும் இனத்தார் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். ஹவுசா மக்கள் உழவும் நெசவும் வணிகமும் வளர்த்து, மதில் சூழ்ந்த நகரங்களை எழுப்பியோர். ஃபுலானியருள் ஆநிரை மேய்த்தோரும் உளர். மார்க்கக் கல்வியில் சிறந்தோரும் உளர். இவ்விரு மக்களையும் கல்வியால் இணைக்க முயன்ற பெண்பாற்புலவர் நானா அஸ்மாவு அவர்களின் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

அன்னார் 1793-இல் தெகல் என்னும் ஊரில் பேரறிஞர் உஸ்மான் தன் ஃபோதியோவின் மகளாகப் பிறந்தார். பெண்களைக் கல்லாமையில் விட்டுவைத்தலைக் கண்டித்தவர் அத்தந்தை. அஸ்மாவும் அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுசா, தமாஷேக் ஆகிய நான்கு மொழிகளைக் கற்றுத் தேர்ந்தார். 1804-இல் கோபிர் அரசுடன் பகை மூண்டதால் குடும்பம் ஊரைத் துறந்தது. 1808-இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா வீழ, சொக்கோட்டோ பேரரசு உருவாயிற்று.

போர் ஓய்ந்த பின் கடினமானதொரு வினா எஞ்சி நின்றது. தோற்ற ஊர்களின் ஹவுசாப் பெண்கள் புதிய ஆட்சியில் அந்நியராய் நின்றனர். ஆள்வோரின் வீட்டுமொழி ஃபுல்ஃபுல்தே, நூல்மொழி அரபு. இவர்களுக்குக் கல்வியைக் கொண்டு செல்வார் யார்? தமையன் முஹம்மது பெல்லோ ஆட்சித் தலைவர். கணவர் கிதாதோ அவர்தம் அமைச்சர். அரண்மனைப் புலவராகவே அஸ்மாவு அமைந்திருக்கலாம். அவரோ ஹவுசா மொழியிலும் பாடினார். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தது போன்றே, அம்மொழியையும் அரபு எழுத்தில் எழுதினார். மார்க்கக் கடமைகளும் ஒழுக்கமும் வரலாறும் பாடல்களாயின. எழுத்தறியாதாரும் அவற்றை மனனம் செய்தனர்.

1830-களில் அவர் அமைத்த பெண்கள் கல்விக்குழு யான் தாரு எனப்பட்டது. ஜாஜி எனப்பெற்ற ஆசிரியைகள், சிவப்புத் துணி கட்டிய அகன்ற ஓலைத் தொப்பியை அடையாளமாகப் பெற்றனர். அவர்கள் சிற்றூர்ப் பெண்களை அழைத்து வந்தனர். அஸ்மாவிடம் கற்ற பாடல்களை ஊர்தோறும் கற்பித்தனர்.

அப்பேரரசில் அடிமைமுறை நீடித்தது. அதனை நாம் மறைத்தற்கில்லை. எனினும் போர் பிரித்த மக்களிடையே கல்வி ஒரு வாயிலைத் திறந்தது என்பதும் உண்மையே.

1864-இல் அன்னார் மறைந்தார். 60-க்கும் மேற்பட்ட அவர்தம் படைப்புகள் எஞ்சியுள்ளன. யான் தாரு மரபும் அற்றுப்போகவில்லை. கற்றவர் தம் கல்வியைக் கல்லாதார் மொழியில் கொண்டு சேர்த்தலே கல்விக்குச் செய்யும் கைம்மாறு என்பதை அவ்வாழ்விலிருந்து நாம் உணர்வோமாக.