வெப்பத்தை எடைபோட்ட ஜூல்

வேதியியல் செய்முறைக்காக, பல ஆண்டுகளுக்கு முன் படித்த ஓர் அண்ணனின் பழைய ரெக்கார்டு நோட்டை இரவல் வாங்கினேன். வலிமைமிகு அமிலத்தை வலிமைமிகு காரத்தால் நடுநிலையாக்கினால் மோலுக்கு 13.7 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும் என்று அதில் இருந்தது. எங்கள் பாடநூலிலோ 57.3 கிலோஜூல்! ஒன்று தவறு என்றே எண்ணினேன். 13.7-ஐ 4.18-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர். சரியாக வந்தது. அந்த 4.18-க்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையே இருக்கிறது.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818 டிசம்பர் 24-ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தை பீர் வடிக்கும் ஆலையின் உரிமையாளர். சிறுவயதில் உடல்நலம் குன்றியிருந்ததால் வீட்டிலேயே படித்தார். பின்னர் அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனிடம் சில காலம் பாடம் கேட்டார். அவ்வளவுதான், கல்லூரியில் கால் வைத்ததில்லை.

ஆலையின் நீராவி எந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டாரை ஓட்டலாமா என்று ஆராய்ந்தார். ஒரு பவுண்டு துத்தநாகத்தைத் தின்னும் மின்கலத்தைவிட ஒரு பவுண்டு நிலக்கரி பல மடங்கு வேலை செய்வதைக் கண்டார். நெய்வேலிக்காரனாகிய எனக்கு இதில் ஒரு சிறு பெருமை! வேலைக்கும் வெப்பத்துக்கும் என்ன கணக்கு என்ற கேள்வி அங்கிருந்துதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

நீர் நிறைந்த பாத்திரத்துள் துடுப்புச் சக்கரம். அதைச் சுழற்றக் கயிற்றில் தொங்கும் எடைக்கற்கள். அவற்றை 20 முறை ஏற்றி இறக்கினாலும் நீர் அரைப் பாகை பாரன்ஹீட் அளவுக்கே சூடேறும். அந்த அற்ப மாற்றத்தை அளக்கப் பொறுமையும் நல்ல வெப்பமானியும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன.

ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லை. 1843-ல் கார்க் நகரில் அவர் பேசியபோது அவை மௌனமாக இருந்தது. 1847-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சுருக்கமாக முடிக்கச் சொன்னார்கள். அங்கே எழுந்து ஆர்வம் காட்டியவர் வில்லியம் தாம்சன் என்ற இளைஞர். பிற்காலத்துக் கெல்வின் பிரபு. அதன்பின் நிலை மாறியது. 1850-ல் ஜூல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே ஆக்ஸ்ஃபோர்டு 1860-ல் கௌரவப் பட்டம் வழங்கியது. (ஜெர்மானிய மருத்துவர் மேயர் 1842-லேயே இக்கருத்தை எட்டியிருந்தார் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று.)

ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை பாரன்ஹீட் சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. நம் கணக்கில் கலோரிக்கு 4.15 ஜூல், இன்றைய மதிப்பிலிருந்து நூற்றுக்கு ஒரு பங்குகூட விலகவில்லை. 1889 அக்டோபர் 11-ல் மறைந்த அவரது கல்லறையில் அந்த அளவீட்டின் திருத்தமான 772.55 என்ற எண் பொறிக்கப்பட்டுள்ளது. 1948-ல் அனைத்துலக எடை, அளவை மாநாடு வெப்பத்துக்கும் ஜூலையே அலகாக ஏற்றது. கலோரி மெல்லப் பின்வாங்கியது.

என் தந்தை சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒரு கிலோ கரியில் எவ்வளவு கரண்டு வரும் என்று ஒருநாள் கேட்டார். நம் பழுப்பு நிலக்கரியில் பாதியளவு ஈரம். கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரிதான். 4.18-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 109 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல் ஆதலால் மூன்று யூனிட் வெப்பம் என்றேன். அதில் பெரும்பகுதி புகைபோக்கியிலும் குளிர்விக்கும் நீரிலும் போய்விடும். கம்பிக்கு வருவது ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. அவர் அந்தக் கணக்கை மீண்டும் ஒருமுறை மெதுவாகச் சொல்லச் சொன்னார்.