மேக்ஸ்வெலும் பல்கலைக்கழகம் மாறியவர்தான்

சென்ற ஆண்டு நான் பல்கலைக்கழகம் மாறினேன். இயற்பியலில் இரண்டாம் ஆண்டை முடித்திருந்தும், புதிய இடத்தில் சில பாடங்களுக்குக் கிரெடிட் கிடைக்கவில்லை. அவற்றை முதலாமாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து மறுபடியும் படிக்கிறேன். அவர்கள் என்னை அக்கா என்று அழைக்கிறார்கள். தோழிகள் எனக்கு முன்பே பட்டம் வாங்கிவிடுவார்களே என்று அம்மாவுக்கு ஒரே கவலை. எனக்கும்தான். அந்த நேரத்தில், மின்காந்தவியல் பாடத்தில் தினமும் பெயர் அடிபடும் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெலின் வாழ்க்கையைப் படித்தேன்.

மேக்ஸ்வெல் 1831ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். 14 வயதில் அவர் முட்டை வடிவ வளைகோடுகளைப் பற்றி எழுதிய கட்டுரை எடின்பரோ அரச கழகத்தில் வாசிக்கப்பட்டது. அவர் சிறுவன் என்பதால் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் அதை வாசித்தார்.

1847இல், 16 வயதில், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஃபோர்ப்ஸ் தம் ஆய்வுக் கருவிகளை மாணவர் விருப்பம்போல் பயன்படுத்த விட்டார். பல நிறங்கள் கொண்ட வட்டைச் சுழற்றி, நிறங்கள் எப்படிக் கலக்கின்றன என்று இருவரும் ஆராய்ந்தார்கள்.

மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். மகனின் மனமோ அறிவியலில் இருந்தது. உயர்கணிதத்தில் கடும் பயிற்சி பெற வேண்டுமானால் அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குத்தான் போக வேண்டும். பள்ளித் தோழர் பீட்டர் டெய்ட், எடின்பரோவில் ஓராண்டு மட்டும் படித்துவிட்டு 1848இலேயே அங்கு போய்விட்டார். மேக்ஸ்வெல் மூன்றாண்டு படித்த பிறகு, பட்டம் வாங்காமலேயே 1850இல் கிளம்பினார். முதலில் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பிற்பாடு ஃபெல்லோ பதவி கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்பதால், ஒரே பருவத்தில் டிரினிட்டி கல்லூரிக்கு மாறினார்.

1852இல் டெய்ட் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். மேக்ஸ்வெல் 1854இல் எழுதி இரண்டாமிடம் பெற்றார். பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைத்து ஏழாண்டு ஆகியிருந்தது. சறுக்கல்கள் அதோடு முடியவில்லை. அபர்டீனில் பேராசிரியராக இருந்தபோது, 1860இல் அங்கிருந்த இரு கல்லூரிகள் இணைக்கப்பட, அவருடைய வேலை போனது. எடின்பரோவில் ஃபோர்ப்ஸ் விட்டுச்சென்ற இடத்துக்கு விண்ணப்பித்தார். அதுவும் டெய்ட்டுக்கே கிடைத்தது.

மேக்ஸ்வெல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். 1861இல், சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே எடுத்த படங்களைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தி, உலகின் முதல் வண்ணப் புகைப்படத்தைக் காட்டினார். அதன் வேர் எடின்பரோவில் சுழன்ற அந்த வட்டில் இருந்தது. 1865இல் வெளிவந்த கட்டுரையில், மின்சாரத்தையும் காந்தத்தையும் சமன்பாடுகளால் இணைத்து, ஒளியும் மின்காந்த அலையே என்று காட்டினார். அதற்குக் கேம்பிரிட்ஜின் கணிதம் கைகொடுத்தது. 1871இல் அதே கேம்பிரிட்ஜ் அவரை அழைத்து, கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தை உருவாக்கும் பொறுப்பைத் தந்தது. 1879இல், 48 வயதில், புற்றுநோயால் காலமானார்.

மேக்ஸ்வெல் இன்று கிரெடிட் மாற்றப் படிவம் நிரப்பினால், அந்தச் சுழலும் வட்டை எழுத அதில் கட்டமே இருக்காது. ஆனால் அதைத்தான் அவர் கடைசிவரை கூடவே கொண்டுபோனார்.

மாற நினைக்கும் தம்பி தங்கைகள், எந்தெந்தப் பாடத்துக்குக் கிரெடிட் உண்டு என்பதை முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் கேட்காமல் விட்டேன். அந்த ஓராண்டு எனக்குத் திரும்பக் கிடைக்காது. ஆனால் போன வாரம் ஆய்வுக்கூடத்தில், ஆஸிலோஸ்கோப் திரையில் அலை நிற்காமல் ஓடுகிறதென்று முதலாமாண்டு மாணவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தேன். பழைய பல்கலைக்கழகத்தில் கற்றது அது.