தந்தையான தமையனார்

தலைமகனின் சுமையை எண்ணுந்தோறும் பாட்ரிக் டூராக் நம் நினைவில் எழுவார். 1834-இல் அயர்லாந்தில் பிறந்த அவர், 1853-இல் குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவில் கரையேறினார். இரண்டே திங்களில் தந்தை விபத்தில் மாண்டார். தாயும் தம்பி தங்கையரும் மூத்தவர் முகத்தையே நோக்கினர். தங்கம் தோண்டச் சென்று, பதினெட்டுத் திங்களில் 1,000 பவுனுடன் மீண்டார். அப்பணமே அவர்களுக்கு நிலமாயிற்று.

பின்னர் குவீன்ஸ்லாந்தில் மாட்டுப்பண்ணை கண்டார். 1883-இல் அவர் அனுப்ப, உறவினர் 7,250 மாடுகளை 3,000 மைல் ஓட்டிச் சென்றனர். 1885-இல் ஆர்டு ஆற்றங்கரையை எட்டியவை பாதியே. அம்மண் மிரியுங் மக்களின் தாயகம். டூராக் புகழைப் பேசுங்கால் நாம் இதை மறைத்தல் தகாது.

சில ஆண்டுகளில் பொருள் நெருக்கடி அவரை வீழ்த்திற்று. குடும்பத்தைக் காத்தவர், மக்களின் பண்ணையையே அண்டி வாழ்ந்து, 1898-இல் பிரிமாண்டிலில் காலமானார்.